மாந்தோப்பில் மணக்கும் வாண்டா

ஆர்கிட் என்றால் ஊட்டி, கொடைக்கானல், சிக்கிம் என்று மலைகளின் பெயர்தான் வாயில் வருகிறது. பனிமூட்டமும் பாசி படர்ந்த மரமும் இல்லாத ஊரில் அது பிழைக்காது என்பது பரவலான நம்பிக்கை. சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில், புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் இருக்கும் வடமாலபேட்டையைப் பார்த்தால் அந்த நம்பிக்கை சரியென்றே தோன்றும். சுற்றிலும் பாறைக் குன்றுகள், முட்புதர்கள், மாந்தோப்புகள். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மழையோ தென்மேற்குப் பருவத்தில் கொஞ்சம், வடகிழக்குப் பருவத்தில் நிறைய என்று இரண்டு தவணையாக வரும். தை பிறந்துவிட்டால் பிறகு மாதக்கணக்கில் வானம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த வெயிலுக்கும் வறட்சிக்கும் ஏற்றபடி உருவான ஆர்கிட் ஒன்று உண்டு: வாண்டா டெசெலாட்டா. கிழக்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களிலும் தென்னிந்தியச் சமவெளிகளிலும் மா, வேம்பு, புளி என்று கிடைத்த மரத்தில் தொற்றி வாழ்வது. இலங்கையிலும் வங்கத்திலும் பர்மாவிலும் இருக்கிறது. இதற்கு நல்ல வாசனையும் உண்டு. வீட்டில் மணமுள்ள ஆர்கிட் வளர்க்க ஆசைப்படும் சமவெளிக்காரர் முதலில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியது இந்தச் செடியைத்தான் என்பது என் உறுதியான கருத்து. தாய்லாந்திலிருந்தும் தைவானிலிருந்தும் வரும் கண்ணைப் பறிக்கும் பூக்களை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

பூக்காத நாளில் இதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நடுவில் மடிந்த, தடித்த, குறுகலான இலைகள் தண்டின் இருபுறமும் வரிசையாக அடுக்கி நிற்கும். இலை நுனி ஒழுங்கில்லாமல் வெட்டுப்பட்டிருக்கும். தண்டிலிருந்து பென்சில் பருமனுக்கு வெளிறிய வேர்கள் கிளம்பி, கொஞ்சம் மரப்பட்டையில் ஒட்டி, மிச்சம் காற்றில் தொங்கும். பூக்கும்போது கதை வேறு. ஒரு காம்பில் ஐந்து முதல் பத்துப் பன்னிரண்டு பூ. ஒவ்வொன்றும் நாலைந்து சென்டிமீட்டர் அகலம். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழ்களின் மேல் பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாகக் கோடுகள் ஓடும். இதழின் முதுகைத் திருப்பினால் வெள்ளை. நடுவில் உதடு போல நீட்டிக்கொண்டிருக்கும் இதழ் மட்டும் நீலம் தோய்ந்த ஊதா. பெரும்பாலும் கோடையிலும் அதையொட்டிய மழை மாதங்களிலும் பூக்கிறது.

இதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது கோரமண்டல் கரையின் செடிகளைப் பற்றிய ஒரு நூலில். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ராக்ஸ்பர்க் 1776-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர். பின்னர் ஆந்திரக் கடலோரத்தில் சாமல்கோட்டையில் தங்கி, உள்ளூர் ஓவியர்களை அமர்த்திச் செடிகளைப் பொறுமையோடு வரையவைத்தார். அவருடைய 'கோரமண்டல் கரைத் தாவரங்கள்' நூலின் முதல் தொகுதி 1795-இல் வெளியானது. அதில் இந்த ஆர்கிட்டும் இருக்கிறது, வேறொரு பேரினப் பெயரோடு. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் இதே செடிக்கு 'வந்தா' என்ற வடமொழிப் பெயரைக் கொடுத்து எழுதிய குறிப்பும் அதே 1795-இல் அச்சேறியது. அதைப் பார்க்க ஜோன்ஸ் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். 1820-இல் ராபர்ட் பிரவுன் அந்தப் பெயரையே பேரினப் பெயராக நிலைநிறுத்தினார். இன்று உலகெங்கும் விற்கும் நீல வாண்டா, ஆரஞ்சு வாண்டா எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் பெயர், நம் ஊர் மாமரத்துச் செடியை வைத்து உருவானது.

மரத்தில் தொற்றியிருப்பதால் இதைப் புல்லுருவி என்று நினைத்து வெட்டி எறிகிறவர்கள் உண்டு. அது பெரிய அநியாயம். புல்லுருவி மரத்தின் கட்டைக்குள் வேரைச் செலுத்தி நீரை உறிஞ்சும். வாண்டாவின் வேர் பட்டையின் மேல்தோலைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. மரத்திடம் அது கேட்பது நிற்க ஓர் இடம் மட்டும். உணவும் தண்ணீரும் அதன் சொந்தச் சம்பாத்தியம்.

அந்தச் சம்பாத்தியம் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தச் செடியை வளர்ப்பதில் பாதி வேலை முடிந்துவிடும். இதற்கும் ஒரு தென்னிந்தியக் கதை இருக்கிறது. ராக்ஸ்பர்க் 1793-இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குப் போனபின் சாமல்கோட்டைத் தோட்டத்தின் பொறுப்பு பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியரிடம் வந்தது. தரங்கம்பாடியில் கிறிஸ்தவ ஊழியராக இருந்து, தாவர ஆராய்ச்சிக்குத் திரும்பியவர். அவர் ரணகள்ளி இலையை வெவ்வேறு நேரத்தில் வாயில் போட்டு மென்று பார்த்தார். காலையில் பறித்த இலை புளித்தது. நடுப்பகலில் அதே செடியின் இலையில் சுவையே இல்லை. மாலையில் லேசாகக் கசந்தது. 1813-இல் லண்டனுக்கு இதைக் கடிதமாக எழுதி அனுப்பினார். லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் 1815-இல் வெளியானது. நாக்கைத் தவிர வேறு கருவி இல்லாமல் செய்த இந்தச் சோதனை, தாவர உடலியலின் அழகான சோதனைகளுள் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹைன் கண்ட புளிப்புக்குக் காரணம் மாலிக் அமிலம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்குகின்றன. துளை திறந்திருக்கும் நேரமெல்லாம் தண்ணீரும் ஆவியாகி வெளியேறும். ரணகள்ளி, கற்றாழை, அன்னாசி, வாண்டா போன்றவை இந்த நட்டத்தைத் தவிர்க்க நேரத்தை மாற்றிக்கொண்டன. பகல் முழுக்கத் துளைகளை அடைத்துவைத்து, வெயில் தாழ்ந்து காற்று குளிர்ந்தபின் திறக்கின்றன. இரவில் வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கி இலைச் செல்களுக்குள் சேமிக்கின்றன. விடிந்ததும் கதவை அடைத்துவிட்டு, சேமித்த அமிலத்தை உடைத்து, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு சூரிய ஒளியில் சர்க்கரை செய்கின்றன. ஆகவேதான் காலையில் புளிப்பு, மதியத்தில் ஒன்றுமில்லை. ஆய்வாளர்கள் இதை காம் வகை ஒளிச்சேர்க்கை என்கிறார்கள்.

வீட்டில் வளர்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடங்கள் மிக நேரடியானவை. வியர்வை விட்டு உடம்பைக் குளிர்விக்கிறோமே, அதைப்போல மற்றச் செடிகள் நீரை ஆவியாக்கி இலையைக் குளிர்விக்கின்றன. மதிய வெயிலில் துளை மூடி நிற்கும் வாண்டாவுக்கு அந்த வழி கிடையாது. இலையின் சூடு சுற்றியுள்ள காற்றின் சூட்டைவிட ஏறிவிடும். மொட்டை மாடியில் திறந்த வெயிலில் தொங்கவிட்ட வாண்டாவின் இலையில் வெளிறிய தழும்பு விழுந்து, பிறகு அந்த இடம் காய்ந்து கறுப்பதற்குக் காரணம் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, சூடு. எத்தனை முறை குழாயைத் திறந்துவிட்டாலும் அது தீராது. காலை ஒன்பது ஒன்பதரை வரை இளவெயில் படட்டும். அதன்பின் 50 சதவீத நிழல்வலை வேண்டும், நல்ல காற்றோட்டமும் வேண்டும். மாமரத்தின் இலைகளுக்கு நடுவே சிதறி விழும் வெளிச்சம் கிட்டத்தட்ட இதே அளவுதான். அதிகப்படி நிழலிலும் வைக்கக்கூடாது. இலை கரும்பச்சையாக, வாட்டசாட்டமாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் பூவை மறந்துவிடலாம். வெளிச்சம் போதுமான வாண்டாவின் இலை சற்று மஞ்சள் கலந்த பச்சையில் இருக்கும்.

இன்னொன்று, இரவு. கத்திரி வெயில் நாட்களில் இரவிலும் சூடு இறங்காமல் போனால் செடியால் போதுமான அமிலத்தைச் சேமிக்க முடியாது. அந்த வாரங்களில் அது வளராமல் அப்படியே நிற்கும். நோய் வந்துவிட்டது என்று பயந்து உரத்தைக் கூட்டுகிறவர்கள் வேரைச் சுட்டுவிடுகிறார்கள். மே மாதத்தில் உரத்தை நிறுத்திவைப்பதே நல்லது. சாயங்காலம் தரையிலும் சுவரிலும் தண்ணீர் தெளித்து அந்த இடத்தைக் குளிர்விப்பது உரத்தைவிட அதிகம் உதவும். பாறைக் குன்றை ஒட்டிய ஊர்களில் பகல் சூட்டைப் பாறை இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். சிமெண்ட் மொட்டை மாடியும் அப்படித்தான். தோட்டத்து மரத்தடியில் செழிக்கும் செடி, அதே வீட்டு மாடியில் தவிப்பதற்கு இதுவே காரணம்.

வேருக்கு வருவோம். இந்தச் செடியை நேசிக்க ஒரே ஒரு காரணம் கேட்டால் நான் வேரைத்தான் காட்டுவேன். காய்ந்த நேரத்தில் வேர் முழுக்க வெள்ளி நிறம்; நுனியில் மட்டும் ஓர் அங்குல நீளத்துக்குப் பளபளப்பான பச்சை. ஒரு கோப்பைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய இடத்தில் வெள்ளி மறைந்து பச்சை பரவுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். சில இடங்களில் சின்னச் சின்ன வெள்ளைக் கீற்றுகள் மட்டும் நனையாமல் தங்கும். வேரின் வெளிப்புறத்தில் வெலாமன் என்ற போர்வை இருக்கிறது. செத்துப்போன, உள்ளே வெறும் காற்று நிரம்பிய செல்களின் அடுக்கு அது. மழை பட்டதும் காற்று வெளியேறித் தண்ணீர் நிரம்புகிறது. ஒளி ஊடுருவி, அடியில் இருக்கும் பச்சையம் தெரிகிறது. நனையாமல் தங்கிய கீற்றுகள் வழியாகத்தான் வேருக்குள் காற்று போய்வருகிறது. முதல் மழைத்துளிகள் மரத்தின் மேலிருந்து இலைத் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். சத்து செறிந்த அந்த முதல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதில் வெலாமன் கைதேர்ந்தது.

இப்படிப்பட்ட வேரை மண்ணில் புதைத்தாலோ, தென்னைநார்க் கழிவில் அமுக்கினாலோ சில வாரங்களில் அழுகிவிடும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதற்காக உண்டான உறுப்பு அது. மரச்சட்டக் கூடையில் நாலைந்து பெரிய அடுப்புக்கரித் துண்டுகளும் ஓட்டுச் சில்லுகளும் போட்டு, செடியை நடுவில் நிறுத்திக் கட்டினால் போதும். வேர்கள் கூடையைத் தாண்டித் தொங்கட்டும். அவற்றை வளைத்து உள்ளே திணிக்க வேண்டாம். தோட்டம் இருப்பவர்கள் நேராக மரத்திலேயே கட்டலாம். மா, வேம்பு, தென்னை எல்லாம் நல்லவை. கொய்யாவும் தைலமரமும் ஆகாது. அவை பட்டையை உரித்துக்கொண்டே இருப்பதால் வேர் பிடித்த இடம் கழன்று விழும். பழைய வேட்டியைக் கிழித்த துணியோ தேங்காய்நார்க் கயிறோ கொண்டு, காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். செடி ஆடினால் புது வேர் நுனி உரசித் தேய்ந்து, ஒட்டவே ஒட்டாது. ஆடி, ஆவணியில் கட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் நன்றாகப் பற்றிக்கொண்டு, அடுத்த கோடையைத் தாங்கும்.

தண்ணீரை விடியற்காலையில் ஊற்றுவது பழக்கமாக இருக்கட்டும். வேர் வெள்ளியிலிருந்து முழுப் பச்சையாகும்வரை ஊற்ற வேண்டும். மதியத்துக்குள் மறுபடி வெள்ளியாகிவிட வேண்டும். வறண்ட காற்று வீசும் மாதங்களில் பொழுது சாய்ந்தபின் வேருக்கு மட்டும் இரண்டாம் முறை தெளிக்கலாம். இலைகளின் நடுக்குருத்தில் இரவில் தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகும். ஒரே தண்டில் மேல்நோக்கி வளரும் வாண்டாவுக்குக் குருத்து போனால் எல்லாம் போனதுபோல. பக்கத்தில் புதுத் தளிர் விட்டால்தான் உயிர். கிணற்று நீரும் போர்வெல் நீரும் இந்தப் பக்கத்தில் பல இடங்களில் உப்பு கலந்தவை. வேரின் மேல் வெள்ளைப் படிவு கட்டுவதும் பச்சை நுனி கருகுவதும் அதன் அடையாளம். மழைநீரைத் தொட்டியில் பிடித்துவைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. உரம் என்று பார்த்தால், உரக்கடையில் கிடைக்கும் 19:19:19-ஐ லிட்டருக்கு அரை கிராமுக்கு மிகாமல் கரைத்து, வளரும் பருவத்தில் வாரம் ஒரு முறை தெளிப்பது போதும். காய்ந்த வேரில் உரநீர் படக்கூடாது. முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை இந்தப் பகுதிக்கு வரமும் சோதனையும் சேர்ந்தது. 2021 நவம்பரில் திருப்பதி எப்படி வெள்ளக்காடானது என்பது பலருக்கும் நினைவிருக்கும். அப்படி நாள்கணக்கில் கொட்டும்போது மரத்தில் இருக்கும் வாண்டாவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பட்டை வழியே நீர் வடிந்துவிடும், காற்று வந்து உலர்த்தும். தொட்டியில், கூடையில் இருப்பவற்றை மட்டும் தாழ்வாரத்துக்குள் கொண்டுவந்து காற்றில் தொங்கவிட வேண்டும்.

இனி வாசனை. பூவின் மணம் என்பது இதழின் மேற்புறச் செல்களிலிருந்து ஆவியாகிப் பறக்கும் சிறு மூலக்கூறுகளின் கலவை. மணம் சுரக்கும் பகுதிகளுக்கு ஆஸ்மோஃபோர் என்று பெயர். வாண்டா டெசெலாட்டாவைப் பெற்றோரில் ஒன்றாகக் கொண்ட 'வாண்டா மிமி பால்மர்' என்ற மணமுள்ள கலப்பினத்தை மலேசிய ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் மணத்தில் லினலூல், ஓசிமீன் போன்ற டெர்பீன்களும், பென்சைல் அசிடேட், மெதில் பென்சோயேட், ஃபீனைல் எத்தனால் போன்ற பென்சீன் வளையச் சேர்மங்களும் கண்டறியப்பட்டன. இந்தப் பட்டியலில் நமக்கு அந்நியமானது எதுவுமில்லை. பென்சைல் அசிடேட் மல்லிகையின் மணத்தில் முக்கியமான பங்கு வகிப்பது. ஃபீனைல் எத்தனால் பன்னீர் ரோஜாவின் மணம். லினலூல் இரண்டிலும் உண்டு, துளசியிலும் உண்டு. சரக்கு ஒன்றுதான், அளவும் சேர்க்கையும் மாறும்போது மல்லி மல்லியாகிறது, வாண்டா வாண்டாவாகிறது.

நேரமும் மாறுகிறது. மல்லி பொழுது சாயும்போது விரிந்து இரவில் மணப்பது. வாண்டா பகலில் பறக்கும் பூச்சிகளை அழைக்கும் பூ. வெயில் ஏறும்போது மணத்தை விடுகிறது. பகலில் மூச்சடக்கி நிற்கும் செடி, அதே பகலில் மணத்தை வாரி இறைக்கிறது. மாலையில் போய் முகர்ந்துவிட்டு இதற்கு வாசனையே இல்லை என்று சொல்பவர்களைப் பற்றி வருத்தப்படத்தான் முடியும். இந்த மூலக்கூறுகள் எல்லாம் செடி ஒளியில் செய்த சர்க்கரையிலிருந்தே வருகின்றன. ஆகவே நிழலில் பட்டினி கிடந்த செடியிடம் தாராளமான மணத்தை எதிர்பார்க்க முடியாது.

கல்யாண மண்டபங்களிலும் கோயில் அலங்காரங்களிலும் இப்போது குவியும் ஊதா வெள்ளை ஆர்கிட்களுக்கு ஏன் மணமில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் தாய்லாந்தில் பெருக்கிய 'சோனியா' போன்ற டெண்ட்ரோபியம் கலப்பினங்கள். நிறம், நீளமான காம்பு, பெட்டியில் அடைத்து அனுப்பினாலும் வாடாத உழைப்பு ஆகியவற்றுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மணத்தை யாரும் கேட்கவில்லை, அது தங்கவும் இல்லை. நர்சரியில் விற்கும் பெரிய பூ வாண்டாக்களில் பலவற்றின் கதையும் இதுதான். மணத்தைத் திரும்பக் கொண்டுவர விரும்பிய கலப்பினக்காரர்கள் நாடிப்போன செடிகளில் நம் டெசெலாட்டாவும் ஒன்று என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மணத்தை உண்டாக்குவதுபோலவே நிறுத்துவதிலும் பூவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மகரந்தம் வந்து சேர்ந்தபின் பூச்சியை அழைக்கத் தேவையில்லை. பூ எத்திலீன் என்ற வாயுவைச் சுரந்து தன்னைத்தானே வாடவைத்துக்கொள்கிறது. ஹவாயில் மாலை கட்டப் பயன்பட்ட 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' பூக்கள் சீக்கிரம் வெளுத்துப்போவதை ஆராய்ந்த எர்னஸ்ட் அகாமின், வாடும் பூவிலிருந்து எத்திலீன் வெளிவருவதை 1963-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். 1893-இல் சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையாரின் பெயரில் அறிவிக்கப்பட்டு, 1981-இல் அந்நாட்டின் தேசிய மலரான அதே பூதான். வாண்டா வகைகள் எத்திலீனுக்கு மிகவும் இளகிய உடம்புக்காரர்கள். வெளியிலிருந்து மிகச் சிறிய அளவில் பட்டாலே, மகரந்தம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வாடத் தொடங்கும்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். மாம்பழம் பழுக்கும்போது வெளிவிடுவது இதே எத்திலீன். வாண்டா பூக்கும் கோடையும் பங்கனபள்ளியும் கிளிமூக்கும் வீட்டுக்குள் குவியும் மாம்பழக் காலமும் ஒன்றுதான். பூத்த செடியை அழகுக்காக உள்ளே கொண்டுவந்து, மாம்பழக் கூடை இருக்கும் அறையில் மாட்டினால், வாரக்கணக்கில் நிற்க வேண்டிய பூ ஓரிரு நாளில் தொங்கிவிடும். சட்டவிரோதமாகக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். அதிலிருந்து வரும் அசிட்டிலீனும் செடிகளிடம் எத்திலீன் போலவே வேலை செய்யும். விறகுப் புகையிலும் எத்திலீன் உண்டு. பூத்த வாண்டா திண்ணையிலோ மரத்திலோ வெளிக்காற்றில் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

இந்த ஒரு செடியோடு நின்றுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த பிரசாவோலா நோடோசா வெயிலையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கும். குச்சி குச்சியான தடித்த இலை, வெள்ளைப் பூ. பகலெல்லாம் வாசனை இருக்காது. இருட்டியபின் எலுமிச்சை கலந்த இனிய மணம் தோட்டத்தை நிறைக்கும். இரவில் வரும் பருந்து விட்டில்களுக்காக அந்த ஏற்பாடு. வாண்டாவையும் இதையும் சேர்த்து வைத்தால் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. தக்காணத்து இலையுதிர் காடுகளின் ஏரிடிஸ் மாகுலோசாவும் நறுமணம் உள்ளது, இளஞ்சிவப்பு. ஆனால் கோடையில் கூடுதல் ஈரப்பதம் கேட்கும். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் பார்த்திருக்கும் புறா ஆர்கிட், அதாவது டெண்ட்ரோபியம் க்ருமெனாட்டம், இன்னும் வியப்பானது. அதன் மொட்டுகள் பாதி வளர்ந்து உறங்கிக் கிடக்கும். திடீர் மழையில் வெப்பநிலை ஐந்தாறு டிகிரி சட்டென்று இறங்கினால் விழித்துக்கொண்டு, ஒன்பதாம் நாள் ஊர் முழுக்க ஒரே விடியலில் மலரும். மணம் அன்று ஒரு நாளுக்கு மட்டும்.

போர்னியோவின் ஃபலநாப்சிஸ் பெலினா பற்றிப் பலர் ஆசையோடு கேட்கிறார்கள். ஜெரானியோலும் லினலூலும் கலந்த அதன் மணம் உண்மையிலேயே அருமை. ஆனால் ஈரம் ததும்பும் மழைக்காட்டுச் செடி அது. வடமாலபேட்டையின் ஏப்ரல் காற்றில் விட்டால் வதங்கிவிடும். கடைகளில் பரிசுப் பொருளாக விற்கும் பெரிய வெள்ளை ஃபலநாப்சிஸுக்கு மணமும் கிடையாது. வெப்பநிலை சில வாரங்கள் தொடர்ந்து 26 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் மறுபடி பூக்காம்பு விடும். சமவெளியில் அதை வாங்குபவர் ஒரு பூங்கொத்து வாங்குகிறார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

செடி எங்கிருந்து வரவேண்டும் என்பதில் எனக்குச் சமரசம் கிடையாது. சேஷாசலம் மலைகள் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. அதற்குள் 1989 முதல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து ஓர் ஆர்கிட்டைப் பிய்த்து வருவது குற்றம். காட்டில் பிடுங்கிய செடி வேரறுந்து வருவதால் வீட்டில் பெரும்பாலும் செத்துப்போகும் என்பது வேறு விஷயம். வாண்டா டெசெலாட்டாவுக்கு ஏற்கெனவே ஓர் ஆபத்து இருக்கிறது. ஆயுர்வேதத்தின் 'ராஸ்னா' என்ற மருந்துச் சரக்காக நம் பக்கத்தில் அரத்தை வகை விற்கிறது. வங்கத்தில் இந்த ஆர்கிட்டின் வேரையே அந்தப் பெயரில் பயன்படுத்துகிறார்கள். வேரை எடுத்தால் செடி போயிற்று.

காட்டில் ஒன்று போனால் இன்னொன்று அவ்வளவு எளிதாக வராது. ஆர்கிட் விதை தூசி போன்றது. உள்ளே கருவுக்குச் சோறே கிடையாது. ஒரு குறிப்பிட்ட பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும் என்பதை பிரான்சின் நோயல் பெர்னார்ட் 1899-இல் கண்டறிந்தார். பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த கூழிலேயே விதையை முளைக்கவைக்கலாம் என்று அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். அன்றிலிருந்து ஒரே காயிலிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுகளைக் கண்ணாடிக் குடுவைக்குள் வளர்க்க முடிகிறது. குடுவை நாற்று பூப்பதற்கு நாலைந்து ஆண்டு பொறுக்க வேண்டும். வளர்ந்த செடியாக வாங்கினால் காத்திருப்பு குறையும். தென்னிந்திய ஆர்கிட்களை உயிரோடு பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ள விரும்புவோர் ஏற்காட்டில் உள்ள தேசிய ஆர்கிடேரியத்துக்கு ஒரு முறை போய்வரலாம்.

நர்சரியில் வாங்கும்போது வெறும் 'வாண்டா' என்ற அட்டையை நம்பாமல் இனத்தின் முழுப் பெயரையும், ஆய்வகத்தில் வளர்ந்த நாற்றுதானா என்பதையும் கேளுங்கள். இலையைவிட வேரைப் பாருங்கள்: குறைந்தது இரண்டு மூன்று வேர்களின் நுனியாவது பச்சையாக இருக்க வேண்டும். அடி இலைகள் உதிர்ந்து தண்டு மட்டும் நீண்டிருந்தால் அந்தச் செடி ஒரு கோடையில் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று பொருள். பூத்திருக்கும் பருவத்தில் போவதாக இருந்தால் காலை பத்து மணியளவில் போங்கள். நாற்றுகள் ஒரே காயில் வந்திருந்தாலும் எல்லாம் ஒரே மாதிரி மணப்பதில்லை. ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.